சூடமும் கண்ணாடியும்

கருக்கம்பாளையத்தில் அந்த வாரம் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். மிஷின் பொய் சொல்லிவிட்டது. டீக்கடை, பால் சொசைட்டி, டவுன் பஸ் எங்கும் அதுதான். சுகிர்தா பஸ்ஸில் வரும்போதே காதில் விழுந்துவிட்டது. முன் இருக்கைக்காரர் ஒருவர், "எவனோ மெட்ராசுல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு நம்ம ஓட்டைப் பூரா அக்கட்ட தள்ளி உட்டுட்டானப்பா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 'எவனோ' நான்தான் என்று அவரிடம் போய்ச் சொல்லவா முடியும்? சுகிர்தா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். ஓட்டு எந்திரத்தின் மேல் ஜனங்களுக்கு நாளாக நாளாகச் சந்தேகம் முற்றிப்போயிருந்தது. நான் அழுத்தியது ஒரு சின்னம், உள்ளே விழுந்ததும் அதுதான் என்பதற்கு யார் சாட்சி? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திண்டாடிய அரசாங்கம், கடைசியில் 'கண்ணாடி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஓட்டுப் போட்டதும் எந்திரத்தில் நீங்களே ஒரு ரகசிய எண்ணைப் பதிந்துகொள்ளலாம். பிறகு எந்தப் போனிலும் அந்த எண்ணை அடித்தால், உங்கள் ஓட்டு எந்தச் சின்னத்தில் விழுந்தது என்று திரையில் தெரியும். உங்கள் ஓட்டுக்கு நீங்களே சாட்சி. சோதனைக்காக முதலில் ஒரே ஓர் ஊரின் நகராட்சித் தலைவர் தேர்தலில் வைத்துப் பார்த்தார்கள். அந்த ஊர் கருக்கம்பாளையம். கண்ணாடியை எழுதியவள் சுகிர்தா.

தேர்தலில் அலமாரிச் சின்னத்தில் நின்றவர் செல்வநாயகம். மூன்று கல்குவாரி, நாற்பது லாரி, மந்திரி வீட்டுக் கல்யாணத்தில் முதல் வரிசை. எதிர்த்துக் குழாய்ச் சின்னத்தில் நின்றவள் சிவகாமி. மில்லில் நூல் ஓட்டிக்கொண்டிருந்தவள், தண்ணீர் கேட்டு நகராட்சி வாசலில் காலிக்குடத்தோடு உட்கார்ந்தே ஊருக்குத் தெரிந்தவள். ஜெயித்தது சிவகாமி. அதிலும் மில் காலனி வாக்குச்சாவடியில் குழாய்க்கு அள்ளிக் கொட்டியிருந்தது, அலமாரிக்குக் கைப்பிடியளவுகூடத் தேறவில்லை.

வம்பு அங்கேதான் பிறந்தது. ஓட்டுப் போட்ட மறுநாளே மில் முதலாளி குழந்தைவேலு, வேலைக்கு வந்த பெண்களைக் கேட்டில் வரிசையாக நிறுத்தி, ஒரு டேப்லெட்டில் அவரவர் எண்ணை அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார். அத்தனை பேருக்கும் அலமாரி. ஒருத்தி பாக்கியில்லை. கண்ணாடி அலமாரி என்கிறது, எண்ணிக்கை குழாய் என்கிறது. எது பொய்? செல்வநாயகம் மனுப் போட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி மெஹருன்னிசா விசாரிக்க வந்தார். ஊரில் வேறு பெரிய இடம் இல்லாததால் நகராட்சிக் கல்யாண மண்டபத்தில் விசாரணை நடந்தது. மேடையில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் போடும் சிவப்பு வெல்வெட் நாற்காலியைத்தான் நீதிபதிக்குப் போட்டிருந்தார்கள். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பந்தி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை காலை குழந்தைவேலுவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஒடிசலான மனிதர், வெள்ளை வேட்டி சட்டை, மூக்குக் கண்ணாடி. பேசும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"தொழிலாளிங்க எண்ணை எதுக்கு வாங்கிப் பாத்தீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"நான் வாங்கலீங்க. அவியளா ஆசைப்பட்டுக் காட்டுனாங்க."

"அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல ஒரே ஆசையா?"

மண்டபத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. குழந்தைவேலு வேட்டி நுனியைச் சரிசெய்தார். "எல்லாருக்கும் ஒரு ஆர்வந்தானுங்க. நானே மொதல்ல அண்ணன் ஊட்டுக்குப் போயி, அவர் முன்னால என்ற எண்ணை அடிச்சுக் காட்டிட்டுத்தான் வந்தேன். எனக்கும் அலமாரிதானுங்க."

அண்ணன் என்றது செல்வநாயகத்தை. அவர் முன் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, பல்குச்சியோடு தலையை ஆட்டினார்.

செல்வநாயகத்தின் வக்கீல் எழுந்தார். "மேடம், மிஷின் பொய் சொல்லலாம், மனுஷன் தெய்வத்துக்கு முன்னால பொய் சொல்ல மாட்டான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில மாகாளியம்மன் கோயில் வாசல்ல மில் தொழிலாளிங்க அத்தனை பேரும், 'நான் போட்டது அலமாரிக்குத்தான்'னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணப் போறாங்க. மில் முதலாளியே மொதல் ஆளாப் பண்ணுவார். வீடியோ எடுத்துத் தாக்கல் பண்றோம்."

"அது சட்டப்படி சாட்சியம் ஆகாது" என்றார் நீதிபதி.

"உங்களுக்கு ஆகாது மேடம். ஊருக்கு ஆகும்."

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த மில் பெண்கள் பக்கம் சுகிர்தா திரும்பிப் பார்த்தாள். அதுவரை வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு குசுகுசுத்துக்கொண்டிருந்தவர்கள், சூடம் என்ற சொல் விழுந்ததும் அடங்கிப்போனார்கள். மிஷினும் பொய் சொல்லவில்லை, எண்ணிக்கையும் பொய் சொல்லவில்லை என்று சுகிர்தாவுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அதை அவள் மத்தியானம் சாட்சி சொல்லும்போது வாயைத் திறந்து சொல்லலாம். சொன்னால் அந்தப் பெண்களின் கதி என்ன என்பதும் அவளுக்குத் தெரியும்.

சாப்பாட்டு இடைவேளையில் வரதன் அவளை எதிர் மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். கண்ணாடித் திட்டத்தின் இயக்குநர், அவளுடைய மேலதிகாரி. நல்ல மனிதர்தான். ரசம் வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஒரே வாக்கியம், சுகிர்தா. 'கண்ணாடியில ரெண்டாவது எண்ணும் பதியலாம்.' இதைச் சொல்லிட்டா முடிஞ்சது. மிஷின் மேல இருக்கற பழி போயிடும்."

"அந்தப் பொம்பளைங்க வேலையும் போயிடும் சார்."

"யார் யார் ரெண்டாவது எண் பதிஞ்சாங்கன்னு நமக்கே தெரியாது. எங்கயும் எழுதி வைக்கல. நீதானே அப்படிப் பண்ணின?"

"மில்லுக்காரங்களுக்கு யார் யார்னு தெரியவே வேணாம் சார். அலமாரின்னு காட்டினது அத்தனை பேரு, விழுந்தது கைப்பிடியளவு. கூட்டத்தோட வெளிய தள்ளுவாங்க."

பரிமாறுகிறவர் வந்ததால் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் போனதும் வரதன் குரலைத் தாழ்த்தினார். "நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஆனா யோசிச்சுப் பாரு. ஓட்டுப் போட்டதும் ஒரு கேள்வி கேக்கறோம். 'நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று உங்களிடம் யாராவது கேட்பார்களா?' இல்லைன்னு அழுத்தினா ஒரு எண். ஆம்னு அழுத்தினா ரெண்டு எண். ஒண்ணு உண்மையைக் காட்டும். இன்னொண்ணு, கேக்கறவன் எதைப் பாக்க ஆசைப்படறானோ, ஓட்டுப் போடறவங்களே பொறுக்கி வைக்கற அந்தச் சின்னத்தைக் காட்டும். இதை உலகத்துல வேற எவனும் இவ்வளவு எளிமையாப் பண்ணல. அதட்டிக் கேக்கறவன் யாருக்கும் அந்த ரெண்டாவது திரை கண்ணுலயே பட்டிருக்காது. அவனை யாரு கேக்கப் போறா, அவன் 'இல்லை'தான் அழுத்தியிருப்பான். இது உன் மூளை. இதைச் சொல்லிக்கிட்டு மாநிலம் முழுக்கப் போகலாம்."

"இப்ப நான் சொல்லலைன்னா?"

"அப்ப கண்ணாடி தப்புன்னு ஆகும், இல்ல எண்ணிக்கை தப்புன்னு ஆகும். எண்ணிக்கை தப்புன்னா சிவகாமி தேர்தல் ரத்து. கண்ணாடி தப்புன்னா நம்ம ஆறு வருஷ உழைப்பு குப்பைத்தொட்டிக்கு. அதோட ஓட்டு மிஷின்னாலே மோசடின்னு ஜனங்க மனசுல ஊறிடும். எழுதினவளே ஒத்துக்கிட்டான்னு நம்ம காலம் முடியற வரைக்கும் பேசுவாங்க. ஒரு மில்லுக்காக ஒரு மாநிலத்தையே விட்டுக்கொடுக்கறதா?"

சுகிர்தா மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தாள். உள்ளதைச் சொன்னால், சொல்லிவிடலாம் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. பஸ்ஸில் திட்டு வாங்கியபோது இருந்தது, காலையில் வக்கீல் 'மோசடி மென்பொருள்' என்று விரலை நீட்டியபோது அந்த ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. தன் கையால் செய்த ஒன்றை ஊர் கூடித் தூற்றும்போது வாயடைத்து நிற்பது சாதாரணமா? அவள் அரைச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சந்தைப்பக்கம் போனாள்.

வியாழக்கிழமைச் சந்தை. தக்காளிக் குவியலுக்கு முன்னால் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, சுகிர்தா அருகில் வந்ததும் தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"நீங்களும் தக்காளி பொறுக்குங்க. என்னையப் பாக்காதீங்க."

துளசிமணி. குரலைக் கேட்டதுமே சுகிர்தாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எப்படி மறக்கும்? போன வருடம் கண்ணாடியை விளக்கிக் காட்ட மில் கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள்: மிஷின் எங்களை ஏமாற்றாது என்று என்ன நிச்சயம்? கூட்டம் கலைந்தபிறகு டம்ளர் எடுக்க வந்த துளசிமணி மட்டும் மெதுவாக வேறொன்றைக் கேட்டாள். "நான் போட்டதை நானே பாக்கலாமுன்னு சொல்றீங்க, செரி. மொதலாளி காட்டச் சொன்னா என்னத்தைக் காட்டறதுங்க?" சுகிர்தா அன்று கிளம்ப எடுத்த பையை மறுபடி கீழே வைத்தாள். பிறகு, "நான் பாத்துக்கறேன்" என்றாள். இரண்டாவது எண் பிறந்தது அந்த டம்ளர் மேசையில்தான்.

சுகிர்தா குனிந்து ஒரு தக்காளியைக் கையில் எடுத்தாள். "ரெண்டு எண்ணும் சரியா வேலை செஞ்சுதா?"

"எல்லாஞ் செரியாத்தானுங்க வேலை செஞ்சுது. அதுதான் இப்ப வெனையாப் போச்சு." துளசிமணி ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தாள். "ஏனுங்க, உங்களுக்கு எங்க ஊர்ப் பழக்கம் தெரியாது. முன்னெல்லாம் ஓட்டுக்கு மொத நாள் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. சூடம் பத்த வெச்சு, இன்னாருக்குத்தான் போடுவேன்னு சொல்லி உள்ளங்கையில அணைக்கோணும். அணைச்சுட்டா அவ்வளவுதான். பொட்டிக்குள்ள யாரு பாக்கறா, யாரும் பாக்கறதில்ல. ஆனா ஆத்தா பாக்கறாளே. வேற சின்னத்துக்கு வெரல் போகாதுங்க."

"இந்தத் தடவை?"

"இந்தத் தடவ சூடத்தை உட்டுட்டாங்க. மிஷின்தான் காட்டிக் குடுத்துருமே, எதுக்குச் சூடம்னு கோயிலுக்கே கூட்டிட்டுப் போகல. எங்களுக்குன்னா தலையில இருந்து ஒரு பாறாங்கல்லை எறக்குன மாதிரி. மிஷின்கிட்டப் பொய் சொன்னா என்னங்க, அதுக்கென்ன கண்ணா அவிஞ்சு போகும்? அல்லாரும் குழாய்ல குத்திட்டு, கேட்டுல அலமாரியக் காட்டுனோம். ஒருத்திக்கொருத்தி பேசிக்கக்கூட இல்ல. ரிசல்ட்டு வந்த அன்னைக்குத்தான் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டோம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"நாளைக்கு அந்தச் சூடத்தைத் திரும்பக் கொண்டாராங்க. அலமாரிக்குத்தான் போட்டேன்னு எங்களால அணைக்க முடியாதுங்க. என்னையத் தலைகீழாத் தொங்க உட்டாலும் முடியாது. எனக்குப் புள்ளைக இருக்குது, ஆத்தாகிட்டப் பொய் சொல்ல முடியாது. அணைக்காம நின்னா அப்பவே தெரிஞ்சுரும். போன தேர்தல்ல அலமாரிக்கு வேலை பாக்க மாட்டேன்னு சொன்னான் ஒருத்தன். அடுப்புல சோறு வெந்துட்டு இருக்கறப்பவே காலனி ஊட்டைப் பூட்டுனாங்க. பொஞ்சாதி புள்ளையோட ரோட்டுல நின்னான். நாங்க அத்தனை பேரும் அந்தக் காலனியிலதான் இருக்கறோம்."

"நான் என்ன பண்ணணும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நாளைக்குக் காத்தால சூடம் பத்த வெக்கறதுக்குள்ள இந்தப் பேச்சு முடியோணும். அன்னைக்கு நீங்கதான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க." துளசிமணி தக்காளிக்காரியிடம், "நெம்பக் கனிஞ்சிருக்குதுக்கா, அடுத்த வாரம் வாங்கிக்கறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, காலிப் பையோடு கூட்டத்தில் நடந்து மறைந்தாள். சுகிர்தா வேண்டாத தக்காளியை நிறுத்து வாங்கிக்கொண்டாள்.

மண்டபத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வரதன் சொன்னதில் பொய்யில்லை. ஜனங்களின் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் அவள் இத்தனை வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். இப்போது அந்தச் சந்தேகத்தைத் தன் வாயாலேயே நிஜமாக்க வேண்டும். இனி எந்த ஊரில் எவர் தோற்றாலும் 'கருக்கம்பாளையத்தில் ஒத்துக்கொண்டார்களே' என்பார்கள். நேர்மையாக நடந்த தேர்தலையும் கேவலப்படுத்துவார்கள். அதற்கு அவள்தான் பொறுப்பு. இன்னொரு பக்கம் அடுப்பில் வெந்துகொண்டிருந்த அந்தச் சோறு. மண்டப வாசலில் வரதன் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் நிற்கவில்லை.

சாட்சி நாற்காலியில் உட்கார்ந்ததும் நீதிபதி நேரடியாகக் கேட்டார். "கண்ணாடி ஒண்ணு சொல்லுது, எண்ணிக்கை வேற சொல்லுது. எழுதினவங்க நீங்க. எதை நம்பறது?"

"எண்ணிக்கையை நம்புங்க மேடம்."

"காரணம்?"

"ஓட்டுப் போட்டதும் சின்னம் அச்சான சீட்டு ஒண்ணு பெட்டியில விழுதில்லையா? விழறதுக்கு முன்னால அதை ஒவ்வொருத்தரும் தன் கண்ணால பார்க்கலாம். அந்தச் சீட்டையெல்லாம் உங்க முன்னாலேயே கையால எண்ணினாங்க. எண்ணிக்கையும் அதுவும் ஒண்ணா இருக்கு. கண்ணாடி மட்டும்தான் மாறிக் காட்டியிருக்கு."

"ஏன் மாறிக் காட்டிச்சு?"

சுகிர்தா மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். "பிழை மேடம். நான் எழுதினதுல பிழை. எதுக்கு ஓட்டுப் போட்டிருந்தாலும் பட்டியல்ல முதல்ல இருக்கற சின்னத்தைக் காட்டற மாதிரி ஒரு கோளாறு சில எண்கள்ல இருந்திருக்கு. பட்டியல்ல முதல் சின்னம் அலமாரி. நான் சரியாச் சோதிச்சுப் பார்க்கல. தப்பு என்னோடது. இயக்குநருக்கோ மத்தவங்களுக்கோ இதுல சம்பந்தம் இல்ல."

மண்டபம் கொதித்தது. பின்னாலிருந்து யாரோ, "இதுக்குத்தான் கோடி கோடியாக் கொட்டுனாங்களா" என்றார். வரதன் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் எழுந்து எதையோ சொல்ல வாயெடுத்தார், ஆனால் அவருடைய ஒரே சாட்சியான கண்ணாடியை, அதை உண்டாக்கியவளே பொய் என்று சொல்லிவிட்ட பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

நீதிபதி கையைக் காட்டி அமைதியாக்கினார். பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"இன்னொரு கேள்வி. நானும் அந்த மிஷினைப் போட்டுப் பார்த்தேன். ஓட்டுப் போட்டதும், யாருக்குப் போட்டீங்கன்னு உங்களை யாராவது கேட்பாங்களான்னு ஒரு கேள்வி வருது. அது எதுக்கு?"

"சும்மா ஒரு கணக்கெடுப்புக்கு வெச்சோம் மேடம்."

"நான் 'இல்லை'ன்னு அழுத்தினேன். 'ஆம்'னு அழுத்தினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது மேடம்."

நீதிபதி அவளையே பார்த்தார். அதற்குப் பிறகு பின் வரிசைப் பெண்களைப் பார்த்தார். முன் வரிசையிலிருந்து செல்வநாயகம் பல்குச்சியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "அட, நான்கூட இல்லைன்னுதானுங்க அமுக்குனேன். என்னைய எவன் கேக்கப் போறான்?" அவர் சிரித்ததும் அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். குழந்தைவேலு மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல விசாரிக்க ஒண்ணுமில்ல" என்றார் நீதிபதி. "எண்ணிக்கை செல்லும். கண்ணாடியை உடனே நிறுத்தச் சொல்லி எழுதப் போறேன். நீங்க பொறுப்பில்லாம நடந்துக்கிட்டீங்கன்னும் எழுத வேண்டியிருக்கும். புரியுதா?"

"புரியுது மேடம்."

"அப்புறம், வக்கீல் சார், நாளைக்குக் கோயிலுக்கு யாரையும் கூட்டிட்டுப் போக வேண்டாம். மிஷின்ல கோளாறுன்னு ஆன பிறகு சத்தியம் எதுக்கு? மீறிக் கூட்டிட்டுப் போனா ஆட்களை மிரட்டினதா எடுத்துக்குவேன்."

கூட்டம் கலைந்தது. மில் பெண்கள் கும்பலாக வெளியே போனார்கள். துளசிமணி சுகிர்தாவைக் கடந்துபோகும்போது பார்க்கவே இல்லை. பக்கத்தில் போனவள் ஒருத்தி, எல்லார் காதிலும் விழும்படி, "படிச்ச பொழப்பு, த்தூ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நடிப்பா நிஜமா என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள், அவர்களுக்கு அதுதான் நல்லது. ஆனாலும் வலித்தது. வரதன் ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ள மண்டபத்தின் பின்பக்கம் போனாள். பந்தி முடிந்து கை கழுவ நீளமாகக் கட்டிய சிமென்ட் தொட்டி, வரிசையாகக் குழாய்கள். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது இரண்டு குழாய் தள்ளி ஒருவர் வந்து கை கழுவத் தொடங்கினார். குழந்தைவேலு. கழுவுவதற்கு அவர் கையில் எதுவும் இல்லை, ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு மொதல்ல சூடம் அணைக்க வேண்டியவன் நானுங்க அம்மிணி" என்றார்.

"தெரியும். நீங்கதானே ஏற்பாடு பண்ணினீங்க."

"நானெங்க பண்ணுனேன்? அண்ணன் பண்ணுனாரு. மூணு நாளாப் பச்சைத்தண்ணி எறங்கலீங்க எனக்கு." தண்ணீர் ஓடும் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது. "சிவகாமி என்ற மில்லுல சின்னப் புள்ளையாச் சேந்தவ. அவ கேட்ட தண்ணி என்ற மில்லுக்குந்தான் வேணும். அந்த ஆளு குவாரியத் தோண்டித் தோண்டி எங்க கெணறெல்லாம் வத்திப் போச்சு. ஆனா என்ற கரண்டு, என்ற லைசென்ஸு அல்லாமே அவர் கையில. ஓட்டுப் பொட்டியண்ட நின்னப்ப அந்தக் கேள்வி வந்துச்சுங்களே."

சுகிர்தா குழாயை மூடிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஆமான்னு அமுக்குனேன்" என்றார்.

முதலில் அவளுக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஏறியபோது ஆத்திரம் பொங்கியது. "அப்படின்னா கேட்டுல அந்தப் பொம்பளைங்க காட்டினது பொய்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"ஒருத்தி ரெண்டு பேராச்சும் மாத்திப் போடாம இருப்பாங்களா? அத்தனையும் அலமாரின்னதும் தெரிஞ்சு போச்சுங்க."

"தெரிஞ்சுமா சாட்சி சொல்ல வந்தீங்க? அவங்களைச் சூடம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினீங்க?"

"வர மாட்டேன்னா, ஏன் வர மாட்டேங்கறேன்னு அண்ணன் கேப்பாருங்களே." அதை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். "நீங்க காப்பாத்துனது அவியளை மட்டும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா ஒண்ணுங்க. இனிமே அந்த ஆளு மிஷினை நம்ப மாட்டாரு. அடுத்த தடவ ஓட்டுக்கு முன்னாடியே கோயிலுக்குத்தான். அவியளை நான் கூட்டிட்டுப் போவேன். என்னைய அவர் கூட்டிட்டுப் போவாரு."

சுகிர்தா ஈரக் கையை உதறினாள். இந்த மனிதனைத் திட்டுவதா, பாவம் என்பதா? அந்தத் திரையை எழுதியபோது, இவரைப்போல ஒருவர் கண்ணில் அது படவே படாது என்று எவ்வளவு நிச்சயமாக நம்பினாள்.

மண்டபத்து மூலையில் செருப்புச் சத்தம் கேட்டது. செல்வநாயகம் இரண்டு ஆட்களோடு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். "என்ன குழந்த, அந்தம்மாகூட என்ன பேச்சு?" என்றார்.

குழந்தைவேலுவின் முதுகு நிமிர்ந்தது. விரலை நீட்டி, மண்டபமே கேட்கும்படி சுகிர்தாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். "வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு? ஒரு ஊரையே முட்டாளாக்கிட்டு இங்க நின்னு மூஞ்சி கழுவறீங்க. அண்ணன் தோத்ததுக்கு நீங்கதான் காரணம்."

செல்வநாயகம் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான்" என்றாள். "மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பாமா மன்னிப்பு. உடுங்கண்ணா, போலாம்" என்று குழந்தைவேலு அவருக்கு முன்னால் நடந்தார். அவர் திறந்த குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சுகிர்தா அதைத் திருகி மூடினாள். தக்காளிப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.